கூட்டு மருந்தில் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக அளப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

பாராசிட்டமால் 500 மி.கி., ஃபினைல்எஃப்ரின் ஹைட்ரோகுளோரைடு 10 மி.கி., குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2 மி.கி. சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை. இந்த மூன்றையும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்று எனக்கு வேலை கொடுத்தார்கள். பத்து வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது, ஐந்து மாதம் இழுத்தது. அந்த ஐந்து மாதத்தில் பாதி நேரம் நான் அளந்துகொண்டிருந்தது மருந்தையே அல்ல. அந்தக் கதை 7ஆம் படியில் வருகிறது.

பகுப்பாய்வின் வரலாறு, கோட்பாடு எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதுவது, நாளைக் காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பற்றி மட்டும்.

ஒரு சொல் விளக்கம். கலவையில் உள்ள மருந்துகளைப் பிரிக்கும், ஆய்வகத்தில் எல்லோரும் 'காலம்' (column) என்று சொல்லும் பொருளை இங்கே 'குழாய்' என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நேரத்தைச் சொல்கிறேனா, சி18 என்ற வகைக் குழாயைச் சொல்கிறேனா என்று உங்களுக்கும் குழம்பும், எனக்கும் குழம்பும்.

1. கருவியைத் தொடும் முன் லேபிளைப் படியுங்கள்

மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு விகிதம். என் மாத்திரையில் பாராசிட்டமாலுக்கும் குளோர்ஃபெனிரமினுக்கும் 250க்கு 1. மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 என்று வரும் மாத்திரையில் 500க்கு 1. சல்ஃபமெதாக்சசோல் 400, டிரைமெத்தோபிரிம் 80 என்றால் வெறும் 5க்கு 1. விகிதம் சிறிதாக இருந்தால் வேலை எளிது. பெரிதாக இருந்தால், இனி நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அந்தச் சின்ன அளவு மருந்துதான் தீர்மானிக்கும். அலைநீளம், கரைசலின் அடர்வு, தராசு, ஃபில்டர் எல்லாமே அதற்காகத்தான். பெரிய அளவு மருந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, உப்பா, காரமா? லேபிளில் 'அம்லோடிபைன் 5 மி.கி.' என்று இருந்தால், உள்ளே போட்டிருப்பது ஏறக்குறைய 6.93 மி.கி. அம்லோடிபைன் பெசிலேட். லேபிள் காரத்தை (அமிலம் சேராத மருந்தை) மட்டும் சொல்கிறது, ஒப்பிடுவதற்காக நீங்கள் எடைபோடும் ஸ்டாண்டர்டோ (தூய்மை தெரிந்த மருந்து மாதிரி) உப்பாக இருக்கும். 'குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2 மி.கி.' என்று போட்டிருந்தாலோ, அந்த 2 மி.கி. உப்பின் எடை. இதைக் கவனிக்காமல் விட்டால் அம்லோடிபைன் 139 சதவீதம் வரும், நீங்கள் ஒரு வாரம் பிப்பெட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, எந்த மருந்துக்கு ஒவ்வொரு மாத்திரையாகச் சீரளவுச் சோதனை செய்ய வேண்டும் என்பது. ஒரு மருந்தின் அளவு 25 மி.கி.க்குக் கீழே இருந்தாலோ, மாத்திரை எடையில் 25 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலோ, எடை மாறுபாட்டைப் பார்த்துவிட்டு நகர முடியாது. பத்து மாத்திரையைத் தனித்தனியாக அளக்க வேண்டும். என் மாத்திரையில் ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் இரண்டுக்குமே இது தேவைப்பட்டது. இப்போதே தெரிந்துகொண்டால் வேலிடேஷன் (முறை சரியாக அளக்கிறது என்று நிரூபிப்பது) வரம்பை அதற்கேற்ப வைக்கலாம். எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது, நேர்கோட்டுச் சோதனையை (அடர்வுக்கு நேர் விகிதத்தில் அளவீடு கூடுகிறதா என்ற சோதனை) திரும்பச் செய்தேன்.

2. ஏற்கெனவே முறை இருக்கிறதா என்று தேடுங்கள்

உங்கள் கூட்டு மருந்துக்கு ஃபார்மகோபியாவில் (மருந்துகளின் அதிகாரபூர்வத் தர நூல்) தனிப்பகுதி இருந்தால் புதிதாக முறை உருவாக்கத் தேவையில்லை. அந்த முறை உங்கள் கையிலும் உங்கள் கருவியிலும் சரியாக ஓடுகிறது என்று சரிபார்த்துக் காட்டினால் போதும், முழு வேலிடேஷன் வேண்டாம். இது வாரக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய, இந்திய ஃபார்மகோபியாக்களோடு உலக சுகாதார அமைப்பு வெளியிடும் பன்னாட்டு ஃபார்மகோபியாவையும் பாருங்கள். காசநோய், மலேரியா, எச்ஐவி கூட்டு மருந்துகளுக்கு அது ரொம்ப உதவும்.

ஆய்விதழ்களில் வெளிவந்த முறைகளைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். குரோமட்டோகிராம் படத்தில் (குழாயிலிருந்து வெளிவருவதை நேரவாரியாகக் காட்டும் வரைபடம்) எத்தனை பீக் (கூர்மேடு) இருக்கிறது, துணைப்பொருட்கள் மட்டும் உள்ள பிளசிபோவின் படம் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா, ஓட்ட நேரம் முடிந்தபின் ஏதாவது வெளிவருகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத கட்டுரையை நகல் எடுக்காதீர்கள். குழாய் வகை, பஃபர் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்), பிஹெச் மூன்றையும் மட்டும் குறித்துக்கொண்டு நகருங்கள்.

3. காகிதங்களையும் ஸ்டாண்டர்டையும் முதலில் வரவழையுங்கள்

எல்லோரும் தாமதமாகும் இடம் இது. கருவி காலியாக இருக்கும், ஸ்டாண்டர்டு வந்திருக்காது. ஆகவே முதல் வாரத்திலேயே ஆர்டர் போடுங்கள்.

ஃபார்மகோபியா தரும் முதன்மை ஸ்டாண்டர்டு சின்னக் குப்பியில், விலை அதிகமாக வரும். அதையே தினமும் கரைத்துத் தீர்க்காதீர்கள். தூய மருந்துப்பொருளில் ஒரு தொகுதியை வாங்கி, முதன்மை ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுத் தகுதிப்படுத்தி, பணி ஸ்டாண்டர்டாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். முறை உருவாக்கும் நாட்களில் பணி ஸ்டாண்டர்டே போதும். மாசுப்பொருட்களின் ஸ்டாண்டர்டு பெரும்பாலும் மருந்தின் ஸ்டாண்டர்டைவிட விலை கூடுதல், வந்து சேரவும் நாளாகும். பாராசிட்டமால் உள்ள எந்தக் கூட்டுக்கும் 4-அமினோஃபீனால் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஸ்டாண்டர்டோடும் பகுப்பாய்வுச் சான்றிதழ் வர வேண்டும். அதில் தூய்மை சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். அந்தச் சதவீதம் எந்த அடிப்படையில் சொல்லப்பட்டிருக்கிறது? 'உள்ளபடி' என்றால் அப்படியே பயன்படுத்தலாம். 'உலர்த்திய நிலையில்' என்றால் உலர்த்தல் இழப்பைக் கழிக்க வேண்டும். 'நீர் நீக்கிய நிலையில்' என்றால் கார்ல் ஃபிஷர் முறையில் நீர் அளவைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்ட பிழை, ஒவ்வொரு முடிவிலும் மாறாமல் ஒரே பக்கமாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நேர்த்தியாகப் பரிசோதித்தாலும் வெளியே தெரியாது.

பிளசிபோவையும் மறக்காதீர்கள். மருந்துகள் இல்லாமல் துணைப்பொருட்கள் மட்டும் கலந்த பொடி அது. தயாரிப்பாளரிடமே வேலை செய்தால் கேட்டால் கிடைக்கும். வெளியே இருந்து செய்பவர்கள் லேபிளில் உள்ள துணைப்பொருட்களை வைத்து நீங்களே கலக்க வேண்டியதுதான். அப்படிக் கலந்ததை நோட்டில் எழுதிவையுங்கள், தணிக்கையில் கட்டாயம் கேட்பார்கள்.

4. யுவியா, ஹெச்பிஎல்சியா?

ஹெச்பிஎல்சி கலவையைக் குழாயில் ஓட்டி, மருந்துகளைப் பிரித்து அளக்கும். கரைசல் எவ்வளவு புறஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று மட்டும் பார்க்கும் யுவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் மலிவு, வேகம். இரண்டு மருந்துகள், விகிதம் நெருக்கம், உறிஞ்சும் அலைநீளங்களும் போதுமான அளவு விலகியிருக்கின்றன என்றால், ஒருங்கமை சமன்பாட்டு முறையே போதும். இரண்டு அலைநீளங்களில் கலவையின் உறிஞ்சலை அளந்து, ஒவ்வொரு மருந்தின் உறிஞ்சு திறனையும் தனியாகக் கண்டுபிடித்து, இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பது. பள்ளிக்கூடக் கணக்குதான். ஒன்றின் வகைக்கெழு பூஜ்யமாகும் இடத்தில் மற்றதை அளக்கும் வகைக்கெழு நிறமாலை முறையும் உண்டு.

ஆனால் 250க்கு 1 விகிதத்தில் யுவியை நம்பாதீர்கள். பெரிய மருந்தின் உறிஞ்சலில் அரை சதவீதம் ஆடினாலும் சின்ன மருந்தின் மொத்த மதிப்பும் அதில் மூழ்கிவிடும். அதோடு, மருந்து சிதைந்திருந்தால் யுவிக்குப் பெரும்பாலும் தெரியாது, சிதைந்த பொருளையும் மருந்தாகவே எண்ணிவிடும். காலாவதி ஆய்வுக்கான முறை வேண்டும் என்றால் ஹெச்பிஎல்சிதான்.

ஹெச்பிஎல்சியிலும் யுவி டிடெக்டர் எல்லாவற்றையும் பார்க்காது. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்த காசநோய் மாத்திரையில் எத்தாம்பியூட்டாலுக்கு யுவியை உறிஞ்சும் அமைப்பே இல்லை. நான்கு பீக் வரும் என்று காத்திருந்தால் மூன்றுதான் வரும். அதற்கு வேறு டிடெக்டரோ, வேதிமாற்றம் செய்து அளக்கும் வழியோ தேவை. உங்கள் ஒவ்வொரு மருந்தின் நிறமாலையையும் தனித்தனியாக 200 முதல் 400 நானோமீட்டர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரை நாள் வேலைதான்.

5. குழாயும் மொபைல் ஃபேஸும்

250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம், 5 மைக்ரான் துகள் கொண்ட சி18 குழாயில் தொடங்குங்கள். எல்லா ஆய்வகத்திலும் இருக்கும், பழைய முறைகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. மொபைல் ஃபேஸின் (மருந்துகளைக் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போகும் திரவம்) ஓட்டம் நிமிடத்துக்கு 1 மி.லி.

பிஹெச் தேர்வில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மருந்தின் பிகேஏ மதிப்புக்குப் (மருந்தில் பாதி அயனியாக இருக்கும் பிஹெச்) பக்கத்தில் பிஹெச் வைத்தால், பஃபரில் துளி வித்தியாசம் வந்தாலும் பீக் இடம் மாறும். குறைந்தது 1.5, முடிந்தால் 2 அலகு தள்ளி வையுங்கள். சாதாரண சிலிக்கா குழாய்கள் பிஹெச் 2க்கும் 8க்கும் நடுவில்தான் தாங்கும். ஃபாஸ்பேட் பஃபர் தன் வேலையைச் செய்வது 2.1, 7.2 ஆகியவற்றை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகு மேலே கீழே. பிஹெச் 5இல் ஃபாஸ்பேட் என்று யாராவது எழுதியிருந்தால் அது பெயருக்குத்தான் பஃபர். அங்கே அசிட்டேட் எடுங்கள். பிஹெச்சை எப்போதும் கரிமக் கரைப்பான் சேர்க்கும் முன், தண்ணீர்ப் பகுதியிலேயே சரிசெய்யுங்கள்.

என் மாத்திரையில் பிஹெச் 3 ஃபாஸ்பேட் ஒத்துவந்தது. சிக்கல் வேறு பக்கம். ஃபினைல்எஃப்ரின் நீர் விரும்பி, குழாயில் நிற்காமல் ஓடிவரும். குளோர்ஃபெனிரமினை மெத்தனால் கூட்டினால்தான் வெளியே தள்ள முடியும். ஒரே கலவையை வைத்து இரண்டையும் திருப்திப்படுத்தப் பார்த்து மூன்று வாரம் வீணாக்கினேன். கிரேடியன்ட்தான் வழி. முதலில் 5 சதவீதம் மெத்தனால், அப்புறம் மெல்ல ஏற்றுவது. கிரேடியன்ட் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கொடுங்கள், ஓட்ட நேரத்தில் அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

ஹெப்டேன் சல்ஃபோனேட் மாதிரி அயனி இணைப்பான் சேர்த்தால் ஃபினைல்எஃப்ரின் பின்னுக்கு வரும், பாராசிட்டமால் அசையாது. நல்ல வழிதான், ஆனால் குழாய் சமநிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். அந்தக் குழாயை அதற்குப் பிறகு வேறு முறைக்குக் கொடுக்கவும் முடியாது. குழாய் பெட்டியில் மார்க்கரால் எழுதிவையுங்கள்.

பின்னால் நிறை நிறமாலைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஃபாஸ்பேட்டே வேண்டாம். ஆவியாகும் ஃபார்மிக் அமிலம் அல்லது அம்மோனியம் ஃபார்மேட்டில் தொடங்குங்கள்.

6. எந்த அலைநீளத்தில் பார்ப்பது?

சின்ன அளவு மருந்து நன்றாகத் தெரியும் அலைநீளத்தில். பெரிய மருந்து அங்கே கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. எல்லா மருந்தும் உறிஞ்சும் 'பொது அலைநீளம்' என்று பல கட்டுரைகளில் தேடுவார்கள். இப்போது கருவிகள் ஒரே ஓட்டத்தில் அலைநீளத்தை மாற்றுகின்றன, அந்தச் சிரமம் தேவையில்லை.

குறைந்த அலைநீளத்துக்குப் போகும்போது கரைப்பானைப் பாருங்கள். மெத்தனால் 205 நானோமீட்டருக்குக் கீழே தானே உறிஞ்சும். அசிட்டோநைட்ரைல் 190 வரை தெளிவு. மெத்தனாலில் கிரேடியன்ட் வைத்து 210இல் பார்த்தால் அடிக்கோடு மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டி மாதிரி ஏறும்.

7. ஒவ்வொரு பீக்கும் யாருடையது என்று நிரூபியுங்கள்

இப்போது என் கதை. 215 நானோமீட்டரில் மூன்று பீக் வந்தது. மருந்து மூன்று, பீக் மூன்று. எனக்கு ஒரே மகிழ்ச்சி. தனித்தனி ஸ்டாண்டர்டுகளையும் செலுத்திப் பார்த்தேன், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்தது. நேர்கோட்டுச் சோதனையில் குளோர்ஃபெனிரமினுக்கு ஒட்டுறவுக் கெழு 0.9999. மீட்பு விகிதம் (சேர்த்த மருந்தில் எத்தனை சதவீதம் திரும்ப அளவில் வந்தது என்பது) 99க்கும் 101க்கும் நடுவில். அறிக்கையின் முதல் வரைவையே எழுதிவிட்டேன்.

ஒரு நாள் சாம்பிளுக்கு அடுத்து, மருந்தே இல்லாத வெறும் பிளாங்க்கைச் செலுத்தினேன். அதில் ஆறாவது நிமிடத்தில் அகலமாக ஒரு மேடு. பிளாங்க்கில் மேடா? ஃபில்டர், குப்பி, மெத்தனால் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து மேசைச் சீனியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓட்டத்தை எத்தனை நிமிஷத்துல நிறுத்துற?" 15 என்றேன். "ஒரு மணி நேரம் விட்டுப் பாரு." விட்டேன். 21ஆவது நிமிடத்தில் வெளியே வந்தது உண்மையான குளோர்ஃபெனிரமின். அதுவரை ஒவ்வொரு ஊசியிலும் (கரைசலைக் கருவிக்குள் ஒரு முறை செலுத்துவதுதான் ஊசி) அது அடுத்த ஊசிக்குள் போய் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் நான் இத்தனை நாள் அளந்தது? மாலியிக் அமிலம். குளோர்ஃபெனிரமின் மாலியேட் கரைந்ததும் மாலியேட் தனியாகப் பிரிந்து, குழாயில் நிற்காமல் முதலில் வந்துவிடும், குறைந்த அலைநீளத்தில் பளிச்சென்று தெரியும். உப்பின் எடையில் அது ஏறக்குறைய 30 சதவீதம். உப்பைக் கூட்டினால் அதுவும் கூடும், குறைத்தால் குறையும். அதனால்தான் நேர்கோடு, மீட்பு, துல்லியம் எல்லாம் அழகாகத் தேறின. வேலிடேஷன் எண்களில் ஒன்றுகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகவே, உப்பாக உள்ள மருந்து இருந்தால் அந்த அமிலத்தைத் தனியாகக் கரைத்துச் செலுத்திப் பாருங்கள். மாலியேட்டுக்கு மாலியிக் அமிலம், பெசிலேட்டுக்கு பென்சீன் சல்ஃபோனிக் அமிலம். டையோடு அரே டிடெக்டர் இருந்தால் ஒவ்வொரு பீக்கின் நிறமாலையையும் 4ஆம் படியில் எடுத்த நிறமாலையோடு பொருத்துங்கள். டையோடு அரே இல்லையா? அதே ஊசியை 265 நானோமீட்டரில் ஓட்டுங்கள். குளோர்ஃபெனிரமின் அங்கேயும் தெரியும், மாலியிக் அமிலம் ஏறக்குறைய மறைந்துவிடும். முதல் சோதனை ஓட்டங்களை எப்போதும் ஒரு மணி நேரம் விடுங்கள். கரைப்பான் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

8. சாம்பிள் தயாரிப்பு

இருபது மாத்திரையை எடைபோட்டுச் சராசரி கண்டுபிடித்து, கல்வத்தில் நன்றாகப் பொடியுங்கள். சின்ன அளவு மருந்து பொடியில் சீராகக் கலந்திருக்க வேண்டும், சொரசொரப்பாக விட்டால் முடிவு ஆடும்.

கரைசலின் அடர்வைச் சின்ன மருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு மாத்திரை அளவு பொடியை 100 மி.லி.யில் கரைத்தால் என் மாத்திரையில் குளோர்ஃபெனிரமின் மி.லி.க்கு 20 மைக்ரோகிராம், ஃபினைல்எஃப்ரின் 100, பாராசிட்டமால் 5,000. முதல் இரண்டையும் இந்தக் கரைசலிலேயே அளக்கலாம். பாராசிட்டமால் இந்த அடர்வில் டிடெக்டரை நிரப்பிவிடும், பீக்கின் தலை தட்டையாகும். அதற்கு இதே கரைசலில் 2 மி.லி. எடுத்து 100 மி.லி.யாக்கி மி.லி.க்கு 100 மைக்ரோகிராமில் தனியாக ஓர் ஊசி. எல்லாவற்றையும் ஒரே ஊசியில் முடிப்பது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இரண்டு ஊசி போட்டால் தலைவலி இல்லை.

கரைக்கும் திரவம் மொபைல் ஃபேஸைவிட 'வலுவாக' இருந்தால் முன்னால் வரும் பீக்குகள் உடைந்தும் அகன்றும் வரும். வெறும் மெத்தனாலில் கரைத்து 5 சதவீத மெத்தனால் ஓட்டத்தில் செலுத்தினால் ஃபினைல்எஃப்ரின் இரண்டு தலையோடு வரும். மருந்து கரைவதற்குத் தேவையான அளவு மெத்தனால் மட்டும், மீதி பஃபர்.

சோனிக்கேட்டரில் தண்ணீர் சூடேறும். நடுநடுவே மாற்றுங்கள் அல்லது பனிக்கட்டி போடுங்கள். கிளாவுலனிக் அமிலம் மாதிரிப் பலவீனமான மருந்துகள் கரைசலானதுமே சிதையத் தொடங்கும். அம்லோடிபைன் வெளிச்சத்தில் கெடும், பழுப்பு நிறக் கண்ணாடியில் வையுங்கள். கரைசல் அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் ஃபிளாஸ்க்கைக் கோடுவரை நிரப்ப வேண்டும்.

அப்புறம் ஃபில்டர். 0.45 மைக்ரான் போதும். ஆனால் ஃபில்டர் சவ்வு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பெரிய மருந்தில் அது தெரியாது, சின்ன மருந்தில் ஐந்து சதவீதம்கூடக் காணாமல் போகலாம். முதல் சில மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். எவ்வளவு கொட்ட வேண்டும் என்பதற்கு, ஒரே கரைசலை வடிகட்டியும், சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.1 மி.கி. வரை காட்டும் தராசில், அமெரிக்க ஃபார்மகோபியா விதிப்படி 82 மி.கி.க்குக் குறைவாக எடைபோட்டால் ஏற்க மாட்டார்கள். 0.01 மி.கி. வரை காட்டும் தராசில் அந்த எல்லை 8.2 மி.கி. குளோர்ஃபெனிரமின் ஸ்டாண்டர்டு 2 மி.கி.யை நேரடியாக எடுக்க ஆசைப்படாதீர்கள். அந்த 0.01 மி.கி. தராசில் 20 மி.கி. எடுத்து 100 மி.லி.யாக்கி, அதில் 10 மி.லி.யை 100 ஆக்குங்கள்.

9. கணக்கு: ஒரு முறை கையால் போடுங்கள்

எக்செல் தாளை நம்பும் முன் பேனாவால் ஒரு முறை. என் நோட்டில் இருக்கும் மாதிரி ஒன்று:

குளோர்ஃபெனிரமின் மாலியேட் ஸ்டாண்டர்டு 20.2 மி.கி. சான்றிதழில் தூய்மை 99.5 சதவீதம், உலர்த்திய நிலையில். உலர்த்தல் இழப்பு 0.4 சதவீதம். ஆகவே உள்ளபடி தூய்மை 99.5 × 0.996 = 99.1 சதவீதம். ஸ்டாண்டர்டு கரைசல்: 20.2 ÷ 100 × 10 ÷ 100 × 0.991 = மி.லி.க்கு 0.02002 மி.கி.

ஸ்டாண்டர்டு பீக் பரப்பு 4,12,000. சாம்பிள் பரப்பு 4,05,800. விகிதம் 0.985. சாம்பிள் கரைசலில் மி.லி.க்கு 0.01972 மி.கி., 100 மி.லி.யில் 1.972 மி.கி. எடுத்த பொடி 652.0 மி.கி., மாத்திரைச் சராசரி 650.4. ஒரு மாத்திரையில் 1.972 × 650.4 ÷ 652.0 = 1.967 மி.கி. லேபிளில் உள்ள 2 மி.கி.யில் 98.3 சதவீதம்.

சான்றிதழில் அந்த 'உலர்த்திய நிலையில்' என்பதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் 98.7 என்று வந்திருக்கும். கார்ல் ஃபிஷரில் 4, 5 சதவீதம் நீர் காட்டும் ஸ்டாண்டர்டு என்றால் நினைத்துப் பாருங்கள்.

10. கட்டாயச் சிதைவுச் சோதனையை வேலிடேஷனுக்கு முன் செய்யுங்கள்

மருந்தை வேண்டுமென்றே சிதைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையைப் பலரும் கடைசியில் வைக்கிறார்கள். கடைசியில் ஒரு சிதைவுப் பீக் மருந்துப் பீக்குக்குள் ஒளிந்திருப்பது தெரிந்தால் வேலிடேஷன் முழுக்கக் குப்பை.

0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, வெப்பம், வெளிச்சம். மருந்து 5 முதல் 20 சதவீதம் சிதைந்தால் போதும், முழுக்கக் கரியாக்க வேண்டாம். செலுத்தும் முன் அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்குங்கள், குழாய் பாவம்.

கூட்டு மருந்தில் இதை நான்கு விதமாகச் செய்ய வேண்டும்: ஒவ்வொரு மருந்தும் தனியாக, மருந்துகள் சேர்ந்து, பிளசிபோ தனியாக, மாத்திரையாக. காரணம், மருந்துகள் ஒன்றோடொன்று வினைபுரியும். ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் அமிலத்தில் சேர்ந்து ஹைட்ரசோன் ஆகும், தனித்தனியாகச் சோதித்தால் அது வரவே வராது. என் மாத்திரையிலும் ஃபினைல்எஃப்ரின் மாலியேட்டோடு சேர்ந்து ஒரு புதுப்பொருளை உண்டாக்கும். மாலியேட் மறுபடியும்!

11. வேலிடேஷன்

ஐசிஎச் (மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட க்யூ2 வழிகாட்டிதான் அடிப்படை. அதன் ஆர்2 பதிப்பு 2023 நவம்பரில் ஏற்கப்பட்டது, முறை உருவாக்கத்துக்கான க்யூ14உம் அதோடு வந்தது. பழைய அறிக்கையை நகலெடுத்து எழுதுபவர்கள் பதிப்பு எண்ணை மாற்ற மறக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. நேர்கோட்டுக்குக் குறைந்தது 5 அடர்வுகள். அளவறிதலுக்கு வரம்பு 80 முதல் 120 சதவீதம், சீரளவுச் சோதனையும் இருந்தால் 70 முதல் 130. இரண்டும் தேவை என்றால் முதலிலேயே 70 முதல் 130 வைத்துவிடுங்கள். உண்மைத்தன்மைக்கு மூன்று அளவுகளில் மூன்று மூன்றாக 9 தயாரிப்புகள், பிளசிபோவில் மருந்தைச் சேர்த்து. மீள்துல்லியத்துக்கு 100 சதவீதத்தில் 6 தயாரிப்புகள், வேறொரு நாளில் வேறொருவர் இன்னும் 6.

ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் ஸ்டாண்டர்டை 5 முறை செலுத்தி, பரப்பின் ஒப்பு நியம விலகல் 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா, பீக்கின் வால் அளவு 2க்குள் இருக்கிறதா, பக்கத்துப் பீக்கிலிருந்து பிரிவு 2க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எல்லைகளை நெறிமுறை ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு எல்லை எழுதியது தேதிகளிலிருந்தே தெரிந்துவிடும், தணிக்கையாளர்கள் முதலில் பார்ப்பதே தேதியைத்தான்.

எடைச் சீட்டு, பிஹெச் மீட்டர் சீட்டு, கருவிப் பதிவேடு, குழாயின் வரிசை எண், தோற்றுப்போன ஊசிகள் உட்பட எல்லாக் குரோமட்டோகிராமும் கோப்பில் இருக்கட்டும். தோற்றதை அழிக்காதீர்கள். ஏன் தோற்றது என்று ஒரு வரி எழுதினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அழித்திருந்தால் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

12. எவ்வளவு நாள், எங்கே செலவு?

ஸ்டாண்டர்டு வரும் வரை காத்திருப்பதைத் தவிர்த்து, புதியவருக்கு என் கணக்கு இது: தேடலும் காகிதமும் ஒரு வாரம், முறை உருவாக்கம் நான்கு வாரம், சிதைவுச் சோதனை இரண்டு வாரம், வேலிடேஷன் இரண்டு வாரம், அறிக்கை ஒரு வாரம். உங்கள் மேலாளர் ஆறு வாரம் என்பார். சிரித்துவிட்டு எழுத்தில் பத்து என்று கொடுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு ஓட்ட முடியும் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் கருவியை முன்பதிவு செய்ய வேண்டும். 25 நிமிட ஓட்டம், 40 ஊசி என்றால் 1,000 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேரம், 1 லிட்டர் மொபைல் ஃபேஸ். அதற்கு மேல் குழாயைச் சமநிலைக்குக் கொண்டுவர: 250 மி.மீ. குழாயின் உள்கொள்ளளவு ஏறக்குறைய 2.5 மி.லி., பத்து மடங்கு ஓட வேண்டும் என்றால் 25 நிமிடம். நடுவில் தீர்ந்துபோகும் மொபைல் ஃபேஸ்தான் இரவு ஓட்டங்களைக் கெடுப்பதில் முதலிடம், ஒன்றரை லிட்டர் தயாரியுங்கள்.

செலவில் ஸ்டாண்டர்டும் குழாயும்தான் பெரியவை. மெத்தனாலில் பிரிகிறது என்றால் அசிட்டோநைட்ரைலுக்குப் போகாதீர்கள், விலை கூடுதல். கருவியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவர்கள், சமநிலைக்கும் கழுவலுக்கும் ஆகும் நேரத்துக்கும் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

கழுவல் என்றதும் நினைவுக்கு வருகிறது: பஃபர் ஓடிய குழாயில் நேராகத் தூய மெத்தனாலையோ அசிட்டோநைட்ரைலையோ விடாதீர்கள். ஃபாஸ்பேட் உள்ளேயே உப்பாகப் படிந்து அழுத்தம் எகிறும். 10 சதவீத மெத்தனால் கலந்த தண்ணீரை முதலில் அரை மணி நேரம், அப்புறம் மெல்லக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கரிமக் கரைப்பானில் மூடிவையுங்கள். முன்பதிவு செய்யும்போதே இதற்கு ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கதவருகில் வந்து நின்றால் இந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள், நானும் வெட்டினேன். மறுநாள் புதுக் குழாய்க்கு விண்ணப்பம் எழுதினேன்.